பட்டாளத்தில் கையெழுத்துப் போடும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் நாட்டுப்பற்றைப் பேச மேடை தேவையில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நாள் 1960 ஜூலை 31. நாம் இன்றும் ஜூலை 31-ஐ ஹாரி பஹ்லாவான், அதாவது வீரர் நாள், என்று அனுசரிப்பது அதனால்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு "அஸ்கார்ல சேரப் போறேன்" என்றால் வீட்டில் இரண்டு பேச்சுதான் வரும். "நாட்டுக்குச் சேவை, போய்ட்டு வா" என்பது ஒன்று. "நமக்கெல்லாம் அங்க என்ன இருக்கு" என்பது இன்னொன்று. இரண்டும் அவனுக்கு உதவாது. எதை விட்டுக்கொடுக்கிறான் என்று முதல் பேச்சு சொல்வதில்லை. அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று இரண்டாவது சொல்வதில்லை. பட்டாளத்தில் இருந்து வந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதுதான்: தன் சுதந்திரத்தில் எந்தப் பங்கை, எத்தனை காலத்துக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால்தான் அது சேவை. தெரியாமல் கொடுத்தவன் பத்து வருஷம் கழித்து நாட்டின் மேலேயே கசந்துபோகிறான். அப்படிக் கசந்துபோன நல்ல சிப்பாய்கள் நம்மிடையே உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டாயம் என்றால் என்னவென்று தோட்டத்துத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானியர் 1942, 43-இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் வெட்டிய ஒரு கல்கூட இல்லை. அதே 1943-இல், அதே தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தாமாகப் பெயர் கொடுத்தவர்களும் இருந்தார்கள். நகரத்திலிருந்தும் ஜானகி ஆதி நாகப்பன் போன்ற இளம்பெண்கள் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார்கள். அந்தப் படையின் அரசியலில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரே வருஷத்தில் ஒரே சனத்திலிருந்து ஒருவரைப் பிடித்துப்போனார்கள், இன்னொருவர் நடந்துபோனார். இந்த வேற்றுமையை மறந்துவிட்டு ராணுவ சேவையைப் பேசக்கூடாது.

பிறகு அவசரகாலம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சிதறிக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். அரிசி காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்குப் போகக்கூடாது என்று ரேஷன் வைத்தார்கள். கடைக்காரர் சார்டின் டின்னை விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் அன்றைக்கே சாப்பிட்டால்தான் ஆச்சு, மறுநாள் காட்டில் இருக்கிறவனுக்கு உதவாது. கணக்கு சரியானதுதான். ஆனால் கொடுத்த விலை சிப்பாயுடையது மட்டுமல்ல. சீருடை போடாத தொழிலாளியும் தன் நடமாட்டத்தை, தன் சோற்றை நாட்டின் பாதுகாப்புக்காகக் கொடுத்தான், அதுவும் அவனைக் கேட்காமலே. அந்த வகையில் அவர்களையும் ஜூலை 31-இல் நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு அடிமைத்தனத்தைத் தடை செய்கிறது, கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவு, தேசிய நோக்கத்துக்காகக் கட்டாய சேவை வைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. தேசிய சேவைப் பயிற்சி 2004-இல் ஆரம்பித்ததும் 2018-இல் நிறுத்தப்பட்டதும், 2025-இல் 45 நாள் திட்டமாகத் திரும்பி வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான். ராணுவத்தில் சேர்வது அப்படியல்ல. யாரும் உங்களை இழுத்துப்போவதில்லை. அதனால்தான் போடுகிற கையெழுத்துக்கு அவ்வளவு கனம்.

அந்தக் கையெழுத்தோடு என்னென்ன போகிறது என்று பார்ப்போம். 1972-ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டம் உங்கள் மேல் வந்து உட்காரும். பொதுச் சட்டம் விலகிவிடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கும். நேரத்துக்கு வராமல் இருந்தால் வெளி வேலையில் ஒரு நாள் சம்பளம் போகும், அதிகம் போனால் வேலை போகும். இங்கே அது குற்றம். லீவ் முடிந்து முகாமுக்குத் திரும்பாதவனைப் பிடித்துவந்து விசாரிப்பார்கள், தண்டனையில் அடைப்பும் உண்டு. தீபாவளிக்கு வந்தவன் பாட்டி உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் கூடத் தங்கிவிட்டு, போனையும் அணைத்துவிடுவான். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. செய்ய வேண்டியது எளிது: லீவ் முடிவதற்கு முன்னால் தன் செக்ஷன் கமாண்டருக்கோ கம்பெனி அலுவலகத்துக்கோ கூப்பிட்டுச் சொல்லி, நீட்டிப்புக் கேட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கேட்டவனுக்கு மறுப்பு வரலாம், கேட்காதவனுக்கு வழக்கே வரும்.

ராஜினாமா என்பது இல்லை. எஸ்டேட்டில் மண்டோரோடு சண்டை வந்தால் மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடலாம். பட்டாளத்தில் ஒப்பந்தக் காலம் முடியும் வரை இருக்க வேண்டும், முன்னால் போக வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். அரசியல் கட்சியில் சேர முடியாது, மேடை ஏற முடியாது. தொழிற்சங்கம் கிடையாது. அப்பா 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் காலமெல்லாம் சந்தா கட்டியவராக இருக்கலாம், ஆனால் மகனுக்கு அந்த வழி அடைபட்டது. குறை இருந்தால் மேலதிகாரி வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். வெளிநாடு போவதற்கும் பக்க வியாபாரம் செய்வதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இன்றைக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி கையில் இருக்கும் போன். முகாமின் வாசல், வண்டி எண், ஆயுதக் கிடங்கு, ரோந்துப் பாதை பின்னால் தெரியும்படி ஒரு செல்ஃபி போதும், ஒரு பையனின் வாழ்க்கை தடம் மாறிப்போகும். படத்தில் இடக்குறிப்பும் சேர்ந்தே பதிவாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காமிராவின் அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவைப்பது முதல் நாள் வேலை. முகாமுக்குள் படமே எடுக்காமல் இருப்பது அதைவிட மேல்.

கொடுக்காததும் உண்டு, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சட்டம் சொல்வது சட்டப்படியான ஆணைக்குத்தான். திருடச் சொன்னாலோ, கைதியை அடிக்கச் சொன்னாலோ, பொய்யாகக் கையெழுத்துப் போடச் சொன்னாலோ அது ஆணையாகாது. "மேலே சொன்னார்கள்" என்பது பின்னால் உங்களைக் காப்பாற்றாது. மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பேச்சிலும் எழுத்திலும் அடக்கம் வேண்டும், சரி. நம்பிக்கையில் அந்த அடக்கம் தேவையில்லை. திருநீறு பூசுகிறவன் வரிசைக்குப் போகும் முன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறான், அதனால் அவன் சாமி குறைந்துபோகவில்லை. முகாம் சமையல் ஹலால். மாட்டிறைச்சி வரும் நாளில் கோழியோ மீனோ முட்டையோ எது கிடைக்கும் என்று முதல் வாரமே சமையல்கூடத்தில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் வெறும் சோறும் குழம்பும் சாப்பிட்டு ஓடுகிறவன் மூன்றாவது வாரம் மைதானத்தில் சுருண்டு விழுவான். தீபாவளிக்கு மலாய்த் தோழன் நம் காவல் முறையை எடுத்துக்கொள்வதும், ஹரி ராயாவுக்கு நாம் அவனுடையதை எடுத்துக்கொள்வதும் பட்டாளத்தில் எழுதாத சட்டம். நாட்டுப்பற்று என்ற பெரிய சொல்லை நான் மதிப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

"நமக்கு அங்க என்ன இருக்கு" என்ற பேச்சுக்கு வருவோம். அரச மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர் மட்டுமே சேர முடியும், அதற்கு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ராணுவம் அந்த ஒரு ரெஜிமெண்டோடு முடிவதில்லை. ரேஞ்சர், கவசப் படை, பீரங்கி, பொறியியல், சிக்னல், மருத்துவம், கடற்படை, ஆகாயப்படை எல்லாம் எல்லாருக்கும் திறந்தவை. மலேசியக் கடற்படைக்கு நாட்டவர் ஒருவர் முதன்முதலில் தலைமை ஏற்றது 1967-இல். அப்போது அவருக்கு 31 வயது. பெயர் கே. தனபாலசிங்கம். 1976 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருக்குப் பிறகு நம்மவர் மேலே போவது ஏன் அரிதானது என்பது நேர்மையான கேள்வி, நாட்டை நேசிக்கிறவன்தான் அதைக் கேட்க வேண்டும். ஆனால் விண்ணப்பமே போடாமல் அந்தக் கேள்வியைக் கேட்பதில் வலு இல்லை.

விண்ணப்பம் என்றதும் தோட்டத்து வீடுகளில் உண்மையாக இடறும் கல் ஒன்று இருக்கிறது: காகிதம். குடியுரிமை இல்லாமல் பட்டாளம் இல்லை, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை (ஐ.சி.), அதாவது மைகார்டு, வேண்டும். 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவு அலுவலகப் பக்கம் போகாத தம்பதிகள் நம் தோட்டங்களில் ஏராளம். அப்படிப் பிறந்த பிள்ளையைச் சட்டம் தாயின் நிலையை வைத்துப் பார்க்கும். தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால், அப்பா நீல ஐ.சி.யோடு பக்கத்தில் நின்றாலும் பிள்ளை நாடற்றவனாகும் ஆபத்து உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து, நாட்டுப்பண்ணான நெகாராகூவை மனப்பாடமாகப் பாடும் பையன், நாட்டுக்காகச் சாகத் தயார் என்று வந்து நின்றாலும் வரிசையிலேயே சேர்க்கமாட்டார்கள். இதைவிட மனம் நோகும் காரியம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பட்டாளத்தை விடுங்கள், பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் சரி, இப்போதே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் தேசியப் பதிவு இலாகாவான ஜே.பி.என்.-இல் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பதிவு, ஊசி போட்ட புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பெற்றோர் ஐ.சி. எது கிடைத்தாலும் மூலத்தோடு கொண்டுபோங்கள். பதினேழு வயதில் ஓடுவதைவிட ஏழு வயதில் ஓடுவது சுலபம்.

அடுத்தது பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, மைகார்டில் இன்னொன்று, எஸ்.பி.எம். சான்றிதழில் மூன்றாவது. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் ஆளாளுக்கு எழுதியதால் வந்த வினை. நேர்முகத்துக்கு முந்தின வாரம் இதைக் கண்டுபிடிப்பவன் அந்த முறை வாய்ப்பை இழக்கிறான். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா பெயரையும்தான். சேர்க்கைக்கு எந்தக் கட்டணமும் இல்லை, "உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று காப்பிக்கடையில் பேசுகிறவனுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் இணையத்தில் நீங்களே செய்யக்கூடியது.

உடம்பு விஷயத்தில் பையன்கள் தண்டால் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், மருத்துவப் பரிசோதனையில் வேறு எதிலோ வெளியே போகிறார்கள். தட்டைப் பாதம், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசுவது, நிறக்குருடு, காலில் புடைத்த நரம்பு, சொத்தைப் பல், பச்சை குத்திய கை. பல்லையும் காதில் அடைத்த அழுக்கையும் இரண்டு மாதம் முன்பே கிளினிக்கில் சரிசெய்துவிடலாம். நிறப் பார்வையை மாற்ற முடியாது, ஆனால் முன்பே சோதித்துத் தெரிந்துகொண்டால் வேறு வழி யோசிக்கலாம். ஓட்டம் 2.4 கிலோமீட்டர். எட்டு வாரம் போதும். வாரம் நான்கு நாள், முதல் இரண்டு வாரம் நடையும் ஓட்டமும் கலந்து, பிறகு முழு தூரம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை வேகமாக ஓடி, மூச்சு வாங்கி, ஐந்தாறு தடவை திரும்ப ஓடுங்கள். 12 நிமிடத்துக்குள் வீட்டுப் பக்கத்திலேயே ஓடிப் பழகியவன் தேர்வு நாளில் பதற மாட்டான். செம்பனைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் ஓடுவதாக இருந்தால் நல்ல அடிப்பாகம் உள்ள சப்பாத்து வேண்டும். ஃபுட்சால் சப்பாத்தில் ஓடிக் கணைக்கால் எலும்பு வலி வந்தவர்கள் அதிகம், காலின் முன் எலும்பில் வரும் அந்த வலி ஓய்வெடுத்தால்தான் போகும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், இதில் உயிர் போகும். பயிற்சியில் ஒருவன் உளற ஆரம்பித்தாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, தோல் நெருப்பாகச் சுட்டாலோ அது சோம்பலில்லை, வெப்பத்தாக்கம். வியர்வை நின்றிருக்கலாம், கொட்டிக்கொண்டும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடனே பயிற்றுநரைக் கூப்பிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், பெல்ட்டையும் பூட்ஸையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் இருந்தால் வைக்க வேண்டும். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இது ஏன் மோசமாகிறது தெரியுமா? "தம்பி, நீ வீக்கா" என்ற ஒரு கேலிக்குப் பயந்து பையன் முந்தின இரவுக் காய்ச்சலை மறைத்துவிடுகிறான். காய்ச்சலை மறைப்பது வீரமாகாது. பக்கத்தில் ஓடுகிறவன் மறைத்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள், அவன் ஒரு வாரம் பேசமாட்டான், உயிரோடு பேசாமல் இருக்கட்டும்.

போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி நடக்கும்போது பூட்ஸ் துடைப்பதே ஒரு பாடம். துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷை மிகச் சிறிதாக எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதல் பூச்சு மங்கும், இரண்டாவதும் மங்கும், பொறுமையாகப் பல பூச்சுக்குப் பிறகுதான் முகம் தெரியும். அவசரத்தில் அதிகம் அப்பியவனுக்கு அணிவகுப்பில் பூட்ஸின் முனை மடியும் இடத்தில் பாலிஷ் வெடித்து உதிரும். இதற்கும் நாட்டுப்பற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லப்போனால் நேரடிச் சம்பந்தம் ஒன்றுமில்லை. தூக்கமில்லாத நேரத்திலும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யக் கை பழகுகிறது, காட்டில் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது அதே கைதான் வேண்டும்.

இனி பணம். சாதாரணப் பதவியில் இருப்பவருக்குப் பென்ஷனின் எல்லைக்கோடு 21 ஆண்டு. 18 வயதில் சேர்ந்தவன் 39-இல் அந்தக் கோட்டைத் தொடுவான். 12, 15 ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து நீட்டிக்காமல் வந்தவர்களுக்கு மாதப் பென்ஷன் இல்லை. "நாட்டுக்கு உழைத்தும் ஒன்றும் தரவில்லை" என்ற குரல் பெரும்பாலும் இவர்களிடமிருந்து வருகிறது, அந்த வேதனை நியாயமானது. ஆனால் நீட்டிப்புக்கான தாளில் கையெழுத்துப் போடும் நேரத்தில் யாரும் அவர்களை உட்காரவைத்து விளக்கியிருக்க மாட்டார்கள். அடுத்து சேருகிறவன் சலுகைக் கடிதத்தில் மூன்று இடத்தைக் கோடு போட்டுப் படிக்க வேண்டும்: முதல் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நீட்டிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், தனக்குப் பொருந்தும் ஓய்வூதியத் திட்டம் எது. ஆயுதப் படை நிதி வாரியமான எல்.டி.ஏ.டி.யின் சேமிப்பில் சிப்பாயின் சம்பளத்திலிருந்து 10 விழுக்காடு போகும், அரசாங்கம் 15 விழுக்காடு போடும். ஆண்டறிக்கை வந்ததும் பெயரும் எண்ணும் சரியா என்று பார்த்து, வாரிசின் பெயரைப் பதிந்து வையுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவன் கல்யாணத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டைக் காட்டினால் கடன் கொடுக்கக் கம்பெனிகள் வாசலில் நிற்கும். முதல் வருஷத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கியவனுக்கு ஒன்பது வருஷத்துக்கு மாதாமாதம் தவணை போகக் கையில் மிஞ்சுவது சிகரெட் காசுதான்.

வெளியே வரும் முன் சுங்கை பூலோவில் இருக்கும் முன்னாள் படைவீரர் கழகமான பெர்ஹேபாட்டின் மறுவாழ்வுப் பயிற்சியில் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். யோசிக்காதவன் காவலாளி வேலையில் போய் முடிகிறான். காவல் வேலை கேவலமில்லை, ஆனால் ஜெனரேட்டர் பழுது பார்க்கத் தெரிந்த சிப்பாய், அதற்கான சான்றிதழ் எடுக்கத் தவறிவிட்டு இரவுக் காவலுக்குப் போவது வீண். ராணுவத்தில் கற்ற தொழிலுக்கு வெளியிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும், அதைச் சேவையில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். வந்தபிறகு முன்னாள் படைவீரர் விவகார இலாகாவான ஜே.எச்.இ.வி.-இல் பதிந்து அட்டை எடுப்பது, விடுவிப்புக் கடிதத்தின் மூலத்தை நனையாமல் வைப்பது, இரண்டு நகல் வேறு வீட்டில் வைப்பது. தோட்டத்து வெள்ளத்தில் இந்தக் கடிதம் போய் வருஷக்கணக்காக அலைகிறவர்கள் உண்டு.

முதலில் சொன்ன காகிதம் கடைசியிலும் வரும். பென்ஷன் வாங்கியவர் இறந்த பிறகு அது மனைவிக்குப் போக வேண்டும், கேட்பார்கள் திருமணப் பதிவுப் பத்திரத்தை. கோயில் பத்திரிகையும் மாலை போட்ட படமும் அங்கே செல்லாது. முப்பது வருஷம் குவாட்டர்ஸில் குடும்பம் நடத்தியவள் அந்த அலுவலகத்தில் அந்நியளாக நிற்பாள். கணவன் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளலாம், வயதானவர்கள் வெட்கப்படத் தேவையில்லை.

கொடுத்த சுதந்திரத்தில் பெரும்பங்கு விடுவிப்புக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. கட்சியில் சேரலாம், எதிர்க்கட்சிக்கும் ஆதரவாகப் பேசலாம், பென்ஷன் கணக்கைப் பற்றி மந்திரிக்கு எழுதலாம். முன்னாள் சிப்பாய் அரசாங்கத்தைக் குறை சொன்னால் துரோகம் என்று நினைப்பவர்களை நான் ஏற்பதில்லை. பேசாமல் இருப்பதாக ஒப்புக்கொண்ட காலம் முடிந்துவிட்டது, இப்போது பேசுவது அவன் சம்பாதித்த உரிமை. திரும்பி வராதது ஒன்று: 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம். பணியில் தெரிந்த ரகசியம் காப்பிக்கடைக்கு வரக்கூடாது, பேரப்பிள்ளைக்கும் சொல்லக்கூடாது.

வாக்குரிமையையும் கவனியுங்கள். சேவையில் இருக்கும்போது சிப்பாயும் மனைவியும் முன்கூட்டிய வாக்களிப்பிலோ தபாலிலோ போட்டிருப்பார்கள். வெளியே வந்தபிறகும் அந்தப் பதிவு பழைய முகாமின் தொகுதியிலேயே தங்கிவிடும். தேர்தல் நாளன்று சுங்கை சிப்புட் பள்ளியில் வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று திரும்புகிறார்கள். மைகார்டில் முகவரியை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் ஐ.சி. எண்ணைப் போட்டு, இருவர் பெயரும் சாதாரண வாக்காளராக எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய முகாம் வந்தால் மாற்ற விண்ணப்பியுங்கள், தேர்தல் அறிவித்த பிறகு நேரம் இருக்காது.